நெரெய்தாவின் முதல் இசைத்தட்டு

கியூபாவின் மேற்குக் கோடியில், புகையிலை வயல்களுக்கும் வடக்குக் கடலுக்கும் நடுவே இருக்கிற சான் லிபோரியோ என்ற ஊருக்கு, நெரெய்தா பாடிய முதல் இசைத்தட்டு அவளுடைய ஐம்பத்திரண்டாவது வயதில், ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், தலைநகரத்துப் பேருந்தில், ஒரு பழைய செருப்புப் பெட்டிக்குள் வந்து சேர்ந்தது. அந்தத் தட்டு ஒரு வீட்டில் சுழல்கிற நேரமெல்லாம் அந்த வீட்டை விட்டுக் கடல் தாண்டிப் போனவர்கள் திரும்பி வந்து உட்கார்ந்திருப்பார்கள் என்பது வியாழக்கிழமைக்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது, சனிக்கிழமைக்குள் அதற்கு ஒரு வரிசையும் உண்டாகிவிட்டது. எப்படி நடந்தது, ஏன் நடந்தது என்று அந்த ஊரில் யாரும் கேட்கவில்லை. ரொட்டி ஏன் வரவில்லை என்று கேட்டுக் கேட்டு அலுத்துப்போன ஜனங்கள், வந்த ஒன்றைப் பற்றி ஏன் வந்தது என்று கேட்பார்களா என்ன?

நெரெய்தா சுருட்டுத் தொழிற்சாலையில் வாசிப்பவளாக இருந்தாள். அது அந்த நாட்டில் ஓர் உத்தியோகம். நூற்றிருபது பேர் பெஞ்சுகளில் குனிந்து உட்கார்ந்து சுருட்டு சுற்றும்போது, ஓர் உயரமான மேடையில் நாற்காலி போட்டு அமர்ந்து, காலையில் செய்தித்தாளும் மத்தியானத்தில் கதைப்புத்தகமும் உரக்க வாசிக்க வேண்டும். புத்தகம் முடிந்து மிச்சம் கால் மணி நேரம் இருந்தால் அவள் மேடைக்கு அடியிலிருந்து கிடாரை எடுத்துத் தானே எழுதிய பாட்டு ஒன்றைப் பாடுவாள். பிடித்திருந்தால் அவர்கள் இலை வெட்டும் கத்தியை மேஜையில் தட்டுவார்கள், பிடிக்காவிட்டால் தரையில் போடுவார்கள். முப்பது வருஷம் அப்படியே பாடி, முப்பது வருஷமும் தலைநகரத்துக்குக் கடிதம் எழுதி, ஒருவழியாக இசைத்தட்டு நிறுவனத்தில் யாரோ ஒரு புண்ணியவான் அவள் கடிதத்தைப் பிரித்துப் படித்ததில், பத்துப் பாட்டு பதிவாயிற்று.

வந்தது ஒரே ஒரு மாதிரித் தட்டு. கூடவே ஒரு படிவம்: முழுவதும் கேட்டுப் பார்த்து, குறையிருந்தால் எழுதி, கையெழுத்திட்டு, மாதிரித் தட்டையும் சேர்த்துத் திருப்பி அனுப்பவும், அதன் பிறகே ஐயாயிரம் பிரதிகள் அச்சாகும். ஆகவே நெரெய்தா செய்ய வேண்டியதெல்லாம் முப்பத்தெட்டு நிமிஷம் தன் குரலைத் தானே கேட்பதுதான். அதைச் செய்ய அவளுக்கு இரண்டு வருஷம் ஆயிற்று.

அவளிடம் ரெக்கார்டு பிளேயர் இல்லை. பக்கத்து வீட்டு சொராய்தாவிடம் இருந்தது. சொராய்தா அந்தத் தெருவின் காவல் கமிட்டித் தலைவி. யார் வந்தார்கள், யார் போனார்கள், யார் வீட்டில் இறைச்சி வறுபடும் வாசம் வந்தது என்று ஒரு நோட்டில் குறித்துவைப்பது அவள் கடமை, அதைவிட அவளுக்கு ஆசை. தட்டைப் போட்டு ஊசியை வைத்ததும், முதல் பாட்டின் முதல் கிடார் ஒலியோடு, ஜன்னலோரத்து ஆடும் நாற்காலியில் அவளுடைய மகன் ஓஸ்மானி உட்கார்ந்திருந்தான். அவன் அமெரிக்காவில் தாம்பாவுக்குப் போய் ஒன்பது வருஷம். தலையில் பெயிண்ட் சொட்டிய தொப்பி, கையில் பிரஷ்.

சொராய்தா அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "என்னடா இப்படி இளைச்சுட்டே, சாப்பிடுறியா இல்லையா?" என்றாள்.

"அம்மா, நான் ஏணி மேல நின்னுட்டு இருந்தேம்மா" என்றான் ஓஸ்மானி.

அவனுக்குக் கறுப்பு பீன்ஸும் சோறும் போட்டார்கள். ஐந்தாவது பாட்டு முடிந்து தட்டைத் திருப்பிப் போட எடுத்தபோது அவன் இல்லை. மறுபக்கம் ஊசி வைத்ததும் மறுபடி இருந்தான், ஆனால் பிரஷ் இல்லை. அந்த இடைவெளியில் ஏணியை விட்டு இறங்கி அதை டப்பாவில் போட்டுவிட்டு வந்தானாம். பத்தாவது பாட்டின் கடைசி ஒலி அடங்கியபோது சாப்பாட்டுத் தட்டில் பாதிச் சோறும், தரையில் ஒரு சொட்டு வெள்ளைப் பெயிண்டும் மட்டும் இருந்தன. நெரெய்தா இரண்டாவது பாட்டு தொடங்கியபோதே, தாயும் மகனும் பேசிக்கொள்ளட்டும் என்று வெளியே வந்து படியில் உட்கார்ந்துவிட்டதால், தன் தட்டில் ஒரு பாட்டைத்தான் கேட்டிருந்தாள். சொராய்தா கண்ணைத் துடைத்துக்கொண்டு நோட்டை எடுத்து எழுதினாள்: வந்தவர் ஒருவர், தங்கியது முப்பத்தெட்டு நிமிஷம், நோக்கம் குடும்பம்.

சான் லிபோரியோவில் ஆள் போகாத வீடு இல்லை. கப்பலில் போனவர்கள், கல்யாணம் செய்துகொண்டு போனவர்கள், மாநாட்டுக்குப் போய்த் திரும்பாதவர்கள், லாரி டயர் டியூபுகளைக் கட்டி மிதக்கவிட்டுப் போனவர்கள் என்று ஒவ்வொரு வீட்டிலும் ஒரு நாற்காலி சும்மா ஆடிக்கொண்டிருந்தது. தட்டைப் பிரதி எடுத்துப் பார்த்தார்கள். பிரதியில் பாட்டு வந்தது, ஆள் வரவில்லை. வானொலியில் போட்டுப் பார்த்தார்கள். அதிலும் பாட்டு மட்டும்தான். ஆகவே இருக்கிற ஒன்றை முறைவைத்துக் கேட்பது என்று ஆயிற்று. முறைவைப்பதை அந்த ஜனங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். அங்கே வரிசை என்றால் ஒருவர் பின்னால் ஒருவர் வெயிலில் நிற்பதில்லை, வருகிறவர் "யார் கடைசி?" என்று பொதுவாகக் கேட்பார், "நான்" என்று ஒருவர் கை தூக்குவார், அந்த முகத்தை ஞாபகம் வைத்துக்கொண்டு, அடுத்து வருகிறவருக்குத் தன் முகத்தைக் காட்டிவிட்டு, வீட்டுக்குப் போய்த் துணி துவைக்கலாம், தூங்கலாம். வரிசை கடைவாசலில் இருக்காது, எல்லோருடைய தலைக்குள்ளும் இருக்கும். அப்படி ஒரு வரிசை அந்தத் தட்டுக்காக ஊர் முழுக்க நீண்டு, பாலத்தைத் தாண்டிப் பக்கத்துக் கிராமம் வரை போயிற்று.

முதலில் கண்ட நேரத்தில் போட்டார்கள். அதில் சங்கடங்கள் வந்தன. ஒருத்தி ஸ்பெயினில் மாத்ரிதில் தலைக்கு ஷாம்பு போட்டுக்கொண்டிருக்கும்போது வந்து, நுரையோடு அப்பாவின் எதிரே உட்கார்ந்து அழுதாள், கண்ணெரிச்சலா பாசமா என்று அவருக்குப் புரியவில்லை. மயாமியில் ஒருவன் பேருந்து ஓட்டிக்கொண்டிருந்தவன், நல்லவேளை சிக்னலில் நின்ற சமயம். முப்பது பயணிகள் ஓட்டுநர் இல்லாத வண்டியில் கூச்சல் போட்டிருக்கிறார்கள். அன்று மாலையே சொராய்தா வீட்டுத் தொலைபேசி மணி ஓயவில்லை. அதன் பிறகு கமிட்டி கூடி, ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு மட்டும், ஒரு வாரம் ஒரு வீடு, முன்கூட்டியே தகவல் சொல்லிவிட வேண்டும் என்று தீர்மானம் போட்டது. வருகிறவர்கள் கடவுச்சீட்டு இல்லாமல் நாட்டுக்குள் நுழைவதாகக் கணக்கா என்று ஒருவர் எழுந்து கேட்டார். உட்கார்ந்த இடத்தை விட்டு எழாதவரை நுழைந்ததாகாது என்று சொராய்தா சட்டம் சொன்னாள். வந்தவருக்கு ரேஷனில் காப்பித்தூள் உண்டா என்று இன்னொருவர் கேட்டார். அதற்கு இல்லை என்பதில் யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை.

இப்படியாக அந்த அதிசயம் ஊருக்குப் பழகிப்போயிற்று. கடலின் அந்தப் பக்கத்தில் இருந்தவர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, அடுப்பை அணைத்துவிட்டு, மடியில் இரண்டு சோப்பும் ஒரு மாத்திரைப் பட்டையும் வைத்துக்கொண்டு நாற்காலியில் தயாராகக் காத்திருந்தார்கள். ஆனால் கையில் கொண்டுவந்ததெல்லாம் பாட்டு முடிந்ததும் கையோடு திரும்பிப் போய்விட்டது. இங்கே சாப்பிட்ட சோறு மட்டும் வயிற்றில் தங்கியது.

காரிதாத் வீட்டு முறை ஏழாவது ஞாயிறு வந்தது. அவள் தொழிற்சாலையில் இலை நரம்பு கிழிப்பவள், கணவன் மெக்ஸிகோவில். அவன் நாற்காலிக்குப் புது மெத்தை தைத்துப் போட்டு, உதட்டுச் சாயம் பூசிக்கொண்டு உட்கார்ந்தாள். பத்துப் பாட்டும் பாடி முடிந்தது. நாற்காலி காலியாகவே இருந்தது. அவனுக்கு வர மனமில்லையோ, வேறொருத்தி பிடித்துவைத்துக்கொண்டாளோ என்று தெரு பேசிற்று. காரிதாதும் அப்படித்தான் நம்ப விரும்பினாள், பத்து நாள் அவனைத் திட்டிக்கொண்டே இலை கிழித்தாள். பதினோராவது நாள், அவன் நாலு மாதத்துக்கு முன்பே ஒரு கட்டிடத்திலிருந்து விழுந்து இறந்துபோன செய்தி வந்தது. தட்டு கூப்பிட்டால் வராமல் இருக்க யாராலும் முடியாது, உயிரோடு இல்லாதவர்களைத் தவிர என்று ஊர் அன்றைக்குத் தெரிந்துகொண்டது. எல்லோரும் காரிதாதின் வீட்டுக்குப் போனார்கள். போகும்போது எல்லோரும் நெரெய்தாவைத் திரும்பிப் பார்த்தார்கள், பார்த்தவர்கள் உடனே கண்ணைத் திருப்பிக்கொண்டார்கள்.

ஏனென்றால் நெரெய்தாவுக்கு ஒரே மகள், யானெலி. ஐந்து வருஷத்துக்கு முன்னால், பத்தொன்பது வயதில், வேறு ஊர்க்காரன் ஒருவனோடு டயர் டியூப் தோணியில் வடக்கே போனவள். போவதற்கு முந்தின நாள் முழுக்க வீட்டில் சண்டை. அம்மா நாற்காலியில் உட்கார்ந்து கத்தினாள், மகள் உள்ளறைக் கட்டிலில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு பதில் பேசவில்லை. "போறதுன்னா போ, ஆனா திரும்பி இந்த வாசலுக்கு வராதே" என்று நெரெய்தா சொன்னாள். கோபத்தில் எந்தத் தாயும் சொல்கிற பேச்சுதான். அடுத்த வாரம் வந்து மன்னிப்புக் கேட்க மகள் இருந்திருந்தால் அதை இருவரும் மறந்திருப்பார்கள். ஆனால் அதற்குப் பிறகு கடிதமில்லை, தொலைபேசி இல்லை, கண்டேன் என்று சொல்ல ஒரு ஆள் இல்லை. இசைத்தட்டில் இருந்த பத்துப் பாட்டில் ஒன்பது அந்தப் பெண்ணுக்காக எழுதியது என்று தொழிற்சாலையில் எல்லோருக்கும் தெரியும், அவற்றுக்குத்தான் கத்திகள் அதிக நேரம் தட்டின.

நெரெய்தாவும் மற்றவர்களைப் போல வரிசையில்தான் இருந்தாள். சொந்தத் தட்டு என்பதற்காக முந்திக்கொள்வது அவளுக்குத் தெரியாது. ஆனால் காரிதாதுக்குப் பிறகு, ஒவ்வொரு முறையும் தன் முறை வரும்போது, "நீங்க முதல்ல போங்க, எனக்கு ஒண்ணும் அவசரமில்ல" என்று பின்னால் இருப்பவருக்கு இடம் விட்டுவிட்டு, "யார் கடைசி?" என்று கேட்டு மறுபடி வாலில் போய்ச் சேர்ந்துகொண்டாள். அவள் பயந்தாள், அவ்வளவுதான். காலி நாற்காலி தெரியாதவரை யானெலி எங்கோ உயிரோடு கோபமாக இருந்தாள். கோபமாக இருக்கிற மகளோடு ஒரு தாய் எத்தனை வருஷம் வேண்டுமானாலும் வாழலாம். ஊரும் அவளை வற்புறுத்தவில்லை. அதில் முழுக்க நல்லெண்ணம் என்று சொல்ல முடியாது. அவள் கேட்டுவிட்டுக் கையெழுத்திட்டால் தட்டு தலைநகரத்துக்குத் திரும்பிப் போக வேண்டும், பிறகு ஞாயிற்றுக்கிழமை ஏது? நிறுவனத்திலிருந்து நினைவூட்டுக் கடிதங்கள் வந்தன. தபால்காரரே அவற்றை இரண்டு மூன்று நாள் தன் பையில் வைத்துக்கொண்டிருந்துவிட்டுத்தான் கொடுத்தார்.

இரண்டு வருஷம் போயிற்று. அதிசயங்களுக்கு ஒரு கெட்ட குணம் உண்டு, அவையும் பழகப் பழகச் சலித்துப்போகும். முதல் முறை வந்தபோது கட்டிப்பிடித்து அழுதவர்கள் மூன்றாம் முறை வந்தபோது பேச்சில்லாமல் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு மகன் ஆறாவது பாட்டிலேயே கைக்கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்தான். ஒரு கணவன் விரலில் புது மோதிரம் இருந்தது. மனைவி அதைப் பார்த்துவிட்டுக் காப்பி கொண்டுவருவதாகச் சொல்லி எழுந்து போனவள், பத்தாவது பாட்டு முடிகிறவரை சமையலறையிலேயே நின்றாள். அந்தப் பக்கத்திலிருந்து தொலைபேசி வந்தது: இந்த ஞாயிறு வேண்டாம், வேலை இருக்கிறது, அடுத்ததும் வேண்டாம், குழந்தைகளைக் கடற்கரைக்குக் கூட்டிப்போகிறோம். ஓஸ்மானியே ஒருநாள், "அம்மா, வந்துட்டுப் போனா மூணு நாளைக்கு எனக்கு வேலை ஓடலம்மா, பணம் அனுப்புறேன், கூப்பிடாதே" என்றான். சொராய்தா அன்றைக்கு நோட்டில் ஒன்றும் எழுதவில்லை.

வரிசை குறைந்தது. பக்கத்துக் கிராமம் உதிர்ந்தது, பாலம் உதிர்ந்தது, தெருத் தெருவாக உதிர்ந்தது. ஒரு சனிக்கிழமை நெரெய்தா ரொட்டிக் கடை வாசலில் நின்று வழக்கம்போல, "தட்டுக்கு யார் கடைசி?" என்று கேட்டாள். யாரும் கை தூக்கவில்லை. எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"நீதான் கடைசி" என்றாள் சொராய்தா.

"எனக்கு முன்னால யாரு?"

"யாருமில்ல. முதல்லயும் நீதான்."

"நீ ஒரு தடவை கூப்பிட்டுக்கோயேன், சொராய்தா. ஓஸ்மானி..."

"அவன் கூப்பிடாதேன்னுட்டான். நெரெய்தா, இனிமே இடம் விட்டுக்கொடுக்க உனக்கு ஆளே இல்லடி."

விதி என்பது இப்படித்தான், அடுத்த வாரமே அரசாங்க முத்திரையோடு ஒரு கடிதமும் வந்தது. நிறுவனத்து அதிகாரி பெர்முதெஸ் திங்கட்கிழமை காலை நேரில் வருகிறார். கையெழுத்தும் மாதிரித் தட்டும் தயாராக இல்லாவிட்டால் அச்சு ரத்து. நெரெய்தா கடிதத்தை மேடையில் உட்கார்ந்து செய்தித்தாளுக்குப் பதிலாக வாசித்தாள். நூற்றிருபது பேரும் சுற்றுவதை நிறுத்தினார்கள். யாரும் கத்தியைத் தட்டவும் இல்லை, கீழே போடவும் இல்லை. காரிதாத் மட்டும் எழுந்து நின்று, "போட்டுக் கேளு நெரெய்தா, தெரியாம இருக்கிறதும் ஒரு வாழ்க்கையா?" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை மூன்றரை மணிக்கு சொராய்தா ரெக்கார்டு பிளேயரைக் கொண்டுவந்து முன்னறை மேஜையில் வைத்தாள். கூட இருக்கட்டுமா என்று கேட்டாள், வேண்டாம் என்றதும் போய்விட்டாள். தெருவில் அன்றைக்கு என்றுமில்லாத கூட்டம். ஒருவர் சைக்கிளைக் கழற்றிக்கொண்டிருந்தார், நாலு பேர் டோமினோ ஆடினார்கள், ஆனால் ஒருவரும் காயை மேஜையில் ஓங்கி வைக்கவில்லை. நெரெய்தா நீல உடுப்பைப் போட்டுக்கொண்டு, சண்டையன்று தான் உட்கார்ந்திருந்த நாற்காலியில் உட்காராமல், அதற்கு எதிரே முக்காலி போட்டு உட்கார்ந்தாள். அந்த நாற்காலியில்தான் மகள் வந்து உட்கார வேண்டும் என்று இரண்டு வருஷமாக மனதுக்குள் வைத்திருந்தாள். நாலு மணிக்கு ஊசியை வைத்தாள்.

கிடார் ஒலித்தது. நாற்காலி காலியாக இருந்தது.

அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். தன் குரல் ஒரு அந்நியப் பெண்ணின் குரல்போலக் கேட்டது. நன்றாகத்தான் பாடுகிறாள், பாவம், என்று நினைத்துக்கொண்டாள். முதல் பாட்டு முடிந்தது. மற்ற வீடுகளில் எல்லோரும் முதல் ஒலியிலேயே வந்திருக்கிறார்கள் என்று அவளுக்குத் தெரியும், ஆனாலும் இரண்டாவது பாட்டு முழுக்க அவள் நாற்காலியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. இரண்டாவது பாட்டும் முடிந்தபோது, அடுத்த பாட்டு தொடங்குவதற்கு முன் வருகிற அந்தச் சின்ன அமைதியில், உள்ளறையில் யாரோ மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

யானெலி படுத்திருந்த கட்டிலில், சுவர் ஓரமாக, ஆறு ஏழு வயதுப் பெண்குழந்தை ஒன்று ஒரு காலில் மட்டும் காலுறையோடு உட்கார்ந்திருந்தது. முன்பல் இரண்டு இல்லை.

நெரெய்தா உள்ளறைக் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். இந்த வீட்டிலிருந்து போனவர்கள்தான் இந்த வீட்டுக்கு வருவார்கள். ஏழு வருஷத்துக்கு முன்னால், அந்தக் கட்டிலிலிருந்து எழுந்து போனது ஒருத்தி என்று அவள் நினைத்திருந்தாள். போனது இரண்டு பேர். வந்திருப்பது ஒன்று. இரண்டு செய்தியும் ஒரே நேரத்தில் அவள் மேல் விழுந்தன. எதற்கு முதலில் அழுவது என்று தெரியாமல் அவள் அழவில்லை.

"இது யார் வீடு?" என்று குழந்தை கேட்டது. ஸ்பானியம்தான், ஆனால் வேறு நாட்டு இழுவை.

"என் வீடு. உன் வீடும்தான். உன் பேர் என்ன கண்ணு?"

"மரினா. மார்த்தா வெச்ச பேரு. மார்த்தா நர்ஸ். நான் அவங்ககூடத்தான் இருக்கேன்."

"உங்கம்மா?"

"அம்மாவைக் கடல்லேர்ந்து தூக்கிட்டு வந்தாங்க. அப்போலேர்ந்து தூங்கிட்டே இருந்தாங்களாம். தூக்கத்துலயே என்னைப் பெத்தாங்களாம். அப்புறம் எழுந்திருக்கவே இல்ல." பலமுறை சொல்லிப் பழகிய பாடத்தைப்போல அது சொன்னது. "அவங்க பேரு யாருக்கும் தெரியாது. உங்களுக்குத் தெரியுமா?"

"யானெலி" என்றாள் நெரெய்தா. அந்தப் பெயரைச் சொல்லி எத்தனை நாளாயிற்று என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

"யானெலி" என்று குழந்தை சொல்லிப் பார்த்தது. பிறகு, "என்கிட்ட போட்டோ இருக்கு. என் படுக்கைக்குப் பக்கத்துல, சுவத்துல ஒட்டியிருக்கு" என்றது.

முன்னறையில் ஐந்தாவது பாட்டு முடியப்போவது கேட்டது. தட்டைத் திருப்ப வேண்டும். திருப்பினால் குழந்தை போய்விடும். திரும்பி வரும் என்று ஊரே அறியும், சொராய்தாவின் நோட்டில் நூறு தடவை எழுதியிருக்கிறது, ஆனாலும் நெரெய்தாவின் கால் எழவில்லை. பிறகு அவள் குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு, அவசரமாக, ஆனால் மேடையில் வாசிக்கிற அதே தெளிவோடு சொன்னாள்: "இப்போ நீ உன் அறைக்குப் போயிடுவே, பயப்படாதே. போனதும் அந்தப் போட்டோவைச் சுவத்துலேர்ந்து எடுத்துக் கையில வெச்சுக்கோ. நான் திரும்பக் கூப்பிடுறேன்." பாட்டு நின்றது. அவள் கைக்குள் ஒன்றுமில்லை.

தட்டைத் திருப்பி வைத்தாள். ஊசியை உடனே வைக்கவில்லை. ஒட்டியிருக்கும் படத்தைப் பிய்த்தெடுக்க ஒரு சின்னக் குழந்தைக்கு எவ்வளவு நேரம் ஆகும்? ஸ்டூல் போட்டு ஏற வேண்டியிருக்குமோ? மார்த்தா எங்கே போனாய் என்று பிடித்துவைத்துக்கொண்டால்? இருபது எண்ணினாள். அறுபதுவரை எண்ணினாள். எண்பதில் தாங்க முடியாமல் ஊசியை வைத்துவிட்டு, திரும்பிப் பார்க்கப் பயந்து அங்கேயே நின்றாள்.

"கிழிஞ்சிடுச்சு, கொஞ்சம்தான்" என்றது உள்ளறையிலிருந்து குரல்.

மூலை கிழிந்த படத்தில் யானெலி ஆஸ்பத்திரிக் கட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தாள். யாரோ அவள் தலையைப் படிய வாரிப் பின்னிவிட்டிருந்தார்கள். பக்கத்தில் துணியில் சுற்றிய குழந்தை. முகத்தில் கோபம் இல்லை. நெரெய்தா அந்த முகத்தில் கோபத்தைத் தேடித் தேடிப் பார்த்தாள், துளிகூட இல்லை. அப்போதுதான் அவள் அழுதாள், பேத்தியின் தோளைப் பிடித்துக்கொண்டு, ஏழாவது பாட்டு முழுக்க. குழந்தை தன் சட்டைக் கையால் அவள் முகத்தைத் துடைத்துவிட்டது. எட்டாவது பாட்டில் கொய்யாப் பழப் பாகும் ரொட்டியும் சாப்பிட்டது, இன்னொன்று கேட்டது. ஒன்பதாவதில், "இது யார் பாடுறது?" என்றது. நான்தான் என்றதும் நம்பவில்லை. நெரெய்தா தட்டோடு சேர்ந்து ஒரு வரி பாடிக் காட்ட வேண்டியிருந்தது. குழந்தை வாயைப் பிளந்து சிரித்தது. பத்தாவது பாட்டில் நெரெய்தா தன் பெயரையும், ஊர்ப் பெயரையும், சொராய்தா வீட்டுத் தொலைபேசி எண்ணையும் சொல்லிக்கொடுத்தாள், அது மூன்றையும் தப்புத் தப்பாகத் திருப்பிச் சொல்லிற்று. மறுபடி சொல்லிக்கொடுத்தாள்.

"அடுத்த ஞாயிறும் கூப்பிடுவீங்களா?" என்று குழந்தை கேட்டது. "நான் ரெண்டு காலுறையும் போட்டுட்டு உட்கார்ந்திருக்கட்டுமா?"

நெரெய்தா வாயைத் திறந்தாள். பாட்டு முடிந்துவிட்டது.

அவள் வாசலுக்கு வந்தபோது தெருவில் சைக்கிளும் டோமினோவும் நின்றுபோயின. "யானெலி இல்ல, சொராய்தா. அவ போயே ஏழு வருஷமாகப் போகுது" என்றாள். "ஒரு பொண்ணு இருக்கு. மரினா. முன்பல் விழுந்திருக்கு." ஊருக்கு அதை எப்படி எடுத்துக்கொள்வது என்று முதலில் தெரியவில்லை. பிறகு அவர்களுக்குத் தெரிந்ததைச் செய்தார்கள். அவரவர் வீட்டு நாற்காலியைத் தூக்கிவந்து அவள் வாசலில் போட்டுத் துக்கத்துக்கு உட்கார்ந்தார்கள். ரேஷன் காப்பித்தூளையெல்லாம் ஒன்றாகக் கொட்டிக் காப்பி போட்டார்கள். யானெலியைப் பற்றிச் சொல்லி அழுதார்கள். நடுநடுவே குழந்தை என்ன நிறம், கண் யார் சாயல், கொய்யாப் பாகு பிடித்ததா என்று கேட்டு, ஒருவர் பின் ஒருவராக வந்து பாட்டியானதற்காக அவள் கன்னத்தில் முத்தமிட்டார்கள். காரிதாத் அவள் பக்கத்திலேயே இருந்தாள். சொராய்தா நோட்டில் வந்தவர் ஒருவர் என்று எழுதி, நோக்கம் என்ற இடத்தில் நெடுநேரம் யோசித்துவிட்டு மூடிவைத்தாள்.

திங்கட்கிழமை பெர்முதெஸ் காரில் வந்திறங்கினார். நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டே உள்ளே வந்து, காப்பியை வாங்கிக் குடித்தார். நல்ல மனிதர், அவளுடைய கடிதத்தை முதன்முதலில் பிரித்தவரே அவர்தான் என்று அப்போதுதான் சொன்னார்.

"தோழர் நெரெய்தா, ஒருவழியா கேட்டுட்டீங்களா?"

"கேட்டேன் தோழர்."

"குறை ஏதாவது?"

"அஞ்சாவது பாட்டுல கிடார் கொஞ்சம் முந்துது. மத்தபடி நல்லா வந்திருக்கு. நான் நினைச்சதைவிட நல்லா வந்திருக்கு."

"அப்போ கையெழுத்தைப் போடுங்க, தட்டை எடுத்துட்டு வாங்க. மூணு மாசத்துல ஐயாயிரம் பிரதி. தலைநகரத்துல எல்லாக் கடையிலயும் உங்க படம் தொங்கும்."

நெரெய்தா படிவத்தை மடித்து அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தாள். "தட்டு இங்கேதான் இருக்கும்" என்றாள்.

பெர்முதெஸுக்குப் புரியவில்லை. மாதிரி திரும்பாவிட்டால் அச்சே கிடையாது, பதிவு நாடாவையும் அழித்துவிடுவார்கள், இன்னொரு முறை யாரும் அவளைக் கூப்பிட மாட்டார்கள் என்று ஒவ்வொன்றாக, பொறுமையாக எடுத்துச் சொன்னார். அவளும் ஒவ்வொன்றுக்கும் தெரியும் என்று தலையாட்டினாள். கடைசியில் காலிக் கோப்பையைக் கீழே வைத்தார்.

"முப்பது வருஷம்! இதுக்காகத்தானே முப்பது வருஷம் காத்திருந்தீங்க?"

"ஆமா தோழர்" என்றாள் நெரெய்தா. "எனக்குக் காத்திருந்து பழகிப்போச்சு. அந்தப் பிள்ளைக்குப் பழக்கமில்ல."